கார்டெஸ் ஷூ: மிட்சோல்ல ஓடுற அந்த நீலக் கோடு எதுக்கு? நுனி வாய் திறந்தா என்ன பண்றது?

#1 – குடியாத்தம்_ஓட்டம்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளை லெதர், சிவப்பு ஸ்வூஷ் (டிக் மாதிரி இருக்கற நைக்கி அடையாளம்), நீலக் கோடு போட்ட நைக்கி கார்டெஸ் பத்தி ரெண்டு கேள்வி.

ஒண்ணு: மிட்சோல், அதான் அடி ரப்பருக்கு மேல இருக்கற மெத்தைப் பாகம், அது நடுவுல ஓடுற நீலக் கோடு வெறும் அழகுக்கா, இல்ல அதுக்குன்னு வேலை எதாச்சும் இருக்கா? ஜப்பான்காரங்க டிசைனைப் பேரை மாத்தி வித்தாங்கன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இல்ல, அமெரிக்க கோச் ஒருத்தர் போட்டதுன்னு இன்னொரு கூட்டம். எது சரி?

ரெண்டு: பத்து வருஷத்துக்கு மேல அலமாரியில கிடந்த ஜோடி. வலது கால் நுனியில சோல் வாய் திறந்திருக்கு. சுமார் 4 செ.மீ. நீளம், நகம் உள்ள போகுது. தைக்கணுமா, ஒட்டணுமா?

#2 – பலமநேர்_காட்ரோடு

தைக்க மட்டும் குடுத்துடாதீங்க. மிட்சோல் ஸ்பாஞ்சுல ஊசி இறங்கினா ஓட்டை வழியா கிழிஞ்சுக்கிட்டே போகும். நுனி வாய் மூடும், நடு வயிறு பிளக்கும். நம்ம பேரணாம்பட்டு பாய் வர்ற வரைக்கும் பொறுங்க.

#3 – பழைய_ரப்பர்

ரெண்டு கூட்டமும் சொல்றது பாதிப் பாதி சரி. வரிசையா சொல்றேன்.

1964 ஜனவரியில பில் பவர்மேன், ஃபில் நைட் ரெண்டு பேரும் தலைக்கு 500 டாலர் போட்டு ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. நைட் படிக்கும்போது ஓடினவர், பவர்மேன் ஆரெகான் பல்கலைக்கழகத்துல அவருக்கே கோச். அந்தக் கம்பெனி சொந்தமா ஒரு ஷூவும் செய்யல. ஜப்பான்ல கோபே நகரத்துல 1949ல கிஹாச்சிரோ ஒனிட்சுகா ஆரம்பிச்ச கம்பெனியோட டைகர் ஷூக்களை இறக்கி வித்துச்சு, அவ்வளவுதான். முதல் வருஷம் போனது 1,300 ஜோடி.

பவர்மேனுக்குக் கோச் வேலையோட இன்னொரு கிறுக்கும் உண்டு. 50கள்லேயே பசங்களுக்குத் தன் கையால ஷூ செஞ்சு பார்த்தவர். டைகர் ஷூ வந்ததும் அறுத்துப் பார்த்து, இதை மாத்து, அதை மாத்துன்னு கோபேவுக்கு எழுதிக்கிட்டே இருந்தார். 1965ல அவர்கிட்ட ஓடின கென்னி மூருக்குப் பாதத்துல எலும்பு விரிசல். இதே மூர் 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தான்ல நாலாவதா வந்தவர். அப்போ அவர் கால்ல இருந்தது டைகர் டிஜி-22. உயரம் தாண்டுறவங்களுக்குப் பொருந்துற ஷூ அது, ரோட்டுல மைல் கணக்கா ஓடுறதுக்கு இல்ல. பவர்மேன் பிரிச்சுப் பார்த்தா பாத வளைவுக்குத் தாங்கல்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. கார்டெஸ் யோசனை அங்கதான் பிறந்துச்சு. முன்பாதத்துலயும் குதிகால் மேலயும் மெத்து ஸ்பாஞ்ச், குதிகால் நடுவுல கெட்டி ஸ்பாஞ்ச், அடியில தேயாத ரப்பர்.

அவர் யோசனை சொன்னார், ஒனிட்சுகா செஞ்சு குடுத்துச்சு. 1967ல டிஜி-24ன்னு வந்துச்சு. கரு இங்க, பிரசவம் அங்க. ‘யார் டிசைன்’னு ஒரே வார்த்தையில கேட்டா அதனாலதான் சண்டை தீரமாட்டேங்குது.

பேர் வந்த கதை தனி. 1968 ஒலிம்பிக் மெக்சிகோவுல. அதை வச்சு முதல்ல ‘மெக்சிகோ’, அப்புறம் ‘ஆஸ்டெக்’னு வைக்கப் பார்த்தாங்க. அடிடாஸ்கிட்ட ஏற்கெனவே ‘ஆஸ்டெக்கா கோல்ட்’ இருந்ததால வழக்கு போடுவோம்னு மிரட்டல். மெக்சிகோவுல இருந்த ஆஸ்டெக் ராஜ்ஜியத்தை வீழ்த்தினவன் பேரையே வைப்போம்னு எர்னான் கோர்டெஸ் பேரை வச்சுட்டாங்க. அடிடாஸைக் கிண்டல் பண்ண ஒரு படையெடுப்பாளன் பேர். இன்னிக்கு யாரும் அந்தப் பேரை அவ்வளவு சுலபமா வச்சுட முடியாது.

#4 – பலமநேர்_காட்ரோடு

அப்ப ‘கோர்சேர்’னு ஒனிட்சுகா டைகர் ஒண்ணு விக்குதே, பார்க்க அச்சு அசல் இதே மாதிரி?

#5 – பழைய_ரப்பர்

அதுவும் இதேதான். 1971ல இருந்து ரெண்டு கம்பெனிக்கும் உறவு முறிய ஆரம்பிச்சது. ப்ளூ ரிப்பன் தன் ஷூவுக்கு நைக்கின்ற பேரும் ஸ்வூஷும் வச்சது அந்த வருஷம்தான். போர்ட்லாந்துல படிச்சுக்கிட்டு இருந்த கேரலின் டேவிட்சன் ஸ்வூஷை வரைஞ்சாங்க, கூலி 35 டாலர். 1972ல ஸ்வூஷ் போட்ட கார்டெஸ் கடைக்கு வந்துச்சு. ஒனிட்சுகாவும் தன் கோடு போட்டு அதையே வித்துச்சு. வழக்கு அமெரிக்க கோர்ட்டுக்குப் போய் 1974ல தீர்ப்பு: மாடலை ரெண்டு பேரும் விக்கலாம், ‘கார்டெஸ்’ன்ற பேர் மட்டும் நைட் கம்பெனிக்கு. அதனால ஒனிட்சுகா தன்னோடதுக்கு ‘கோர்சேர்’னு பேர் மாத்துச்சு. ஒரே வயித்துல பிறந்து ரெண்டு வீட்டுல வளர்ந்த பிள்ளைங்க.

ஒரு திருத்தமும் சேர்த்துக்கறேன். நைக்கி பேர்ல முதல்ல வந்த கார்டெஸும் ஜப்பான்லதான் செஞ்சது. ஆனா கோபேவுல இல்ல, நிப்பான் ரப்பர்ன்ற வேற கம்பெனியில. ‘ஜப்பானை விட்டு வந்ததும் நைக்கி’ன்னு எழுதுறவங்க இதை மறந்துடறாங்க. ஒனிட்சுகா 1977ல வேற ரெண்டு கம்பெனியோட சேர்ந்து ஆசிக்ஸ் ஆச்சு.

#6 – குப்பம்_கோச்

சரித்திரம் சரி. எதுக்கு அது பெரிய விஷயமாச்சுன்னு புரிய, பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடுக்குப் போடுற வெள்ளை கேன்வாஸ் ஷூவை நினைச்சுக்குங்க. துணி, அதுக்கடியில ஒரே பத்தை ரப்பர். தரையில குத்துற அடி நேரா எலும்புக்குப் போகும். 60கள்ல ரோட்டுல ஓடின ஷூ பலதும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொஞ்சம் மெலிசா, கொஞ்சம் லேசா.

பவர்மேன் 1962ல நியூசிலாந்து போய் அங்கத்து ஓட்ட கோச் ஆர்தர் லிடியார்டைப் பார்த்துட்டு வந்தவர். அங்க வயசானவங்க, குண்டானவங்க எல்லாரும் மெல்ல ஓடுறதைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு இதய டாக்டரோட சேர்ந்து ஜாகிங் பத்திப் புத்தகம் போட்டது 1967ல. அதே வருஷம் இந்த ஷூ. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பயிற்சி பெற்ற ஓட்டக்காரன் கால் எப்படியோ தாங்கிக்கும். காலையில பால் வாங்கிட்டு வந்து ஓடப் போற 45 வயசுக்காரர் கால் தாங்காது. நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் தொடர்ச்சியா மெத்தை வேணும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி வச்சா பின்னங்கால் நரம்பு, அதான் குதிநாண், அதுக்கு இழுப்பு குறையும். இந்த ரெண்டும்தான் கார்டெஸோட மொத்த சமாச்சாரம்.

#7 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

சலாம். இப்ப நீலக் கோட்டுக்கு வர்றேன்.

மூலத்துல அது கோடே இல்ல, ஒரு அடுக்கு. சோலைக் குதிகால்ல குறுக்கா அறுத்தா தெரியும்: மேல வெள்ளை ஸ்பாஞ்ச், நடுவுல கலர் பட்டை, அதுக்கடியில மறுபடி ஸ்பாஞ்ச், கடைசியா மெலிசான ரப்பர். குதிகால்ல தடியா ஆரம்பிச்சு முன்பாதம் வரும்போது ஆப்பு மாதிரி மெலியும். கதவுக்கடியில சொருகுற மரக்கட்டையைப் படுக்க வச்ச மாதிரி. வெவ்வேற கெட்டித்தனம் உள்ள ஷீட்டுங்களை அடுக்கி ஒட்டி, ஓரத்தை அரைச்சு வழவழன்னு ஆக்கினா, ஒட்டின விளிம்பு வெளிய தெரியத்தானே செய்யும்? அதை மறைக்காம கலர் குடுத்துட்டாங்க. அந்தக் காலத்து டிசைன்ல எனக்குப் பிடிச்சது இதுதான், வேலையைக் காட்டி அழகாக்கறது.

இப்ப வர்ற பல ஷூவுல, எந்தப் பேர்ல வந்தாலும் சரி, மிட்சோலை ஒரே அச்சுல ஊத்திட்டுக் கோட்டை மட்டும் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. அதனால கையில இருக்கறதுல கோடு அடுக்கா பெயின்ட்டான்னு முதல்ல பாருங்க. மறைவான இடத்துல, உள் வளைவுப் பக்கம், பஞ்சுல ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டுத் தேய்ங்க. நீலம் பஞ்சுல வந்தா பெயின்ட். அப்ப அந்த ஷூவுல அசிட்டோன் பக்கமே போகக் கூடாது.

தம்பி குடியாத்தம், வாய் எங்க திறந்திருக்குன்னு சொல்லுங்க. மூணு இடம் இருக்கு:

லெதருக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவுலயா? ஸ்பாஞ்ச் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுலயா? ஸ்பாஞ்சுக்கும் அடி ரப்பருக்கும் நடுவுலயா?

திறந்த இடத்துல ரெண்டு பக்கமும் என்ன தெரியுதுன்னும் பாருங்க. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு மஞ்சள் ஏடு தெரிஞ்சா பேஸ்ட் செத்துப்போச்சு. ரப்பர் மேல ஸ்பாஞ்ச் துணுக்கு ஒட்டிக்கிட்டு வந்திருந்தா பேஸ்ட் நல்லாத்தான் இருக்கு, ஸ்பாஞ்சுதான் மக்கிப்போச்சு. முதல் கேஸ் பத்து ரூபாய் வேலை. ரெண்டாவது கேஸ் சோல் மாத்தற வேலை.

#8 – குடியாத்தம்_ஓட்டம்

பார்த்தேன் பாய். ஸ்பாஞ்சுக்கும் அடி ரப்பருக்கும் நடுவுல. ரப்பர் பக்கம் மஞ்சளா பளபளன்னு ஏடு, நகத்தால சுரண்டினா சுருண்டு வருது. ஸ்பாஞ்ச் துணுக்கு எதுவும் இல்ல. கட்டைவிரலால அமுக்கினா ஸ்பாஞ்ச் மெதுவா எழும்புது.

#9 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

நல்லது. அமுக்கினது எழும்பினா உசுரு இருக்கு. அமுக்கின பள்ளம் அப்படியே நின்னா, இல்ல பிஸ்கெட் மாதிரி நொறுங்கினா, ஒட்டி பிரயோஜனம் இல்ல.

வேலை இது:

திறந்த வாயை இன்னும் கொஞ்சம் திறங்க. பயப்படாதீங்க. பாதி செத்த பேஸ்ட் மேல புதுசு போட்டா ஒரு மாசத்துல பக்கத்துல திறக்கும். ஹேர் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் சூடு காட்டுங்க. கூர் இல்லாத கத்தி, வெண்ணெய் தடவுற கத்தி போதும், அதை உள்ள விட்டு மெல்ல நெம்புங்க. சுலபமா வர்ற வரைக்கும் வரட்டும். இழுத்தா எதிர்க்கிற இடத்துல நிறுத்திடுங்க, அங்க பேஸ்ட் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ரப்பர் பக்கம் 60 இல்ல 80 நம்பர் உப்புத்தாள். மஞ்சள் ஏடு முழுக்கப் போய், ரப்பர் மங்கலா, சொரசொரன்னு தெரியணும். பளபளப்பு எங்க மிஞ்சுதோ அங்கதான் மறுபடி திறக்கும். ஸ்பாஞ்ச் பக்கம் 120 நம்பர், லேசா. அழுத்தினா பள்ளம் விழும், பள்ளத்துல பேஸ்ட் தேங்கும். தூசியைப் பிரஷ்ஷால தட்டுங்க. ஈரத்துணி வேண்டாம்.

அப்புறம் பேஸ்ட். ஃபேக்டரியில ரப்பருக்கு ‘ஹாலஜன்’னு பேஸ்ட் பிடிக்க வைக்கிற திரவம் அடிச்சு, ஸ்பாஞ்சுக்குத் தனி பிரைமர் அடிச்சு, ரெண்டுக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பேஸ்ட் போட்டு, சூட்டு அறையில காட்டி, சோல் பிரஸ்ஸுல சில செகண்ட் அமுக்குவாங்க. வீட்டுல அத்தனையும் முடியாது. உப்புத்தாள் வேலை சுத்தமா இருந்தா பாதி குறை தீரும்.

ரெண்டு பக்கமும் மெலிசா ஒரு கோட் பேஸ்ட். 15 நிமிஷம் காய விடுங்க. மறுபடி ஒரு மெலிசு கோட், மறுபடி 15 நிமிஷம். விரல் பின்பக்கத்தால தொட்டுப் பாருங்க. நூல் இழுத்தா இன்னும் காயல. தொட்டா பிசுக்குன்னு இருந்து விரல்ல ஒட்டலைன்னா பதம் வந்தாச்சு. இப்ப ட்ரையரால ரெண்டு முகத்தையும் சூடாக்குங்க. 60ல இருந்து 70 டிகிரிக்குள்ள, கையில பிடிக்க முடியாத சூட்டுக்குக் கொஞ்சம் மேல. அதைத் தாண்டினா ஸ்பாஞ்ச் சுருங்கி விளிம்பு உள்ள போயிடும், சரிபண்ண முடியாது.

ஒரே தடவைதான் வைக்கணும். பின்னாடியிலிருந்து நுனியை நோக்கி, நடுவுலிருந்து ஓரத்தை நோக்கி அமுக்குங்க. ஷூவுக்குள்ள துணியை இறுக்கமா திணிச்சு, உருண்டை மூக்கு சுத்தியலால வெளிய லேசா தட்டுங்க. சைக்கிள் டியூப்பைக் கிழிச்சுப் பட்டையா சுத்திக் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்க. 24 மணி நேரம் ஆகாம கால்ல போடக் கூடாது.

ஜன்னலைத் திறந்து வச்சு செய்யுங்க. பேஸ்ட் ஆவி தலையைச் சுத்தும், நெருப்பும் பிடிக்கும். பக்கத்துல அடுப்பு, ஊதுவத்தி எதுவும் இருக்கக் கூடாது.

#10 – பலமநேர்_காட்ரோடு

பேஸ்ட் வாங்கப் போறவங்களுக்கு: வி.கோட்டா பக்கம் தெலுங்குல ‘பங்க’ன்னு கேட்டா ஸ்கூல் பசங்க பேப்பர் ஒட்டுற பாட்டிலை எடுத்து நீட்டுவாங்க. ‘செருப்பு சொல்யூஷன்’னு கேளுங்க. அதுலயும் மஞ்சள் நிறம், கெட்டி. அந்தச் சின்ன டியூப்ல வர்ற உடனடி பசை வேண்டாம். கல்லு மாதிரி இறுகிடும், நடக்கும்போது சோல் வளையுற இடத்துல உடைஞ்சு போகும்.

#11 – பழைய_ரப்பர்

பாய், மஞ்சள் சொல்யூஷன் நியோப்ரீன்ற செயற்கை ரப்பர் வகை. நீங்களே ஃபேக்டரியில பி.யு.ன்னு சொன்னீங்க. எது நிக்கும்?

#12 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

பி.யு. நிக்கும், ஆனா அதுக்கு ஹார்ட்னர் கலக்கணும். 100 கிராமுக்கு 3ல இருந்து 5 கிராம். கலந்தா சில மணி நேரத்துல தீர்த்துடணும், மிச்சம் வீண். சூட்டை ஒழுங்கா காட்டாம பி.யு. ஒட்டவே ஒட்டாது. ஒரு ஜோடிக்காக அதைப் பண்றவங்க கம்மி.

நியோப்ரீன் சுலபம். அதுக்கு எதிரி வெயில். சித்திரையில குடியாத்தம், சித்தூர்ப் பக்கம் வெளிய நிக்கிற காருக்குள்ள ஷூவை விட்டா 60 டிகிரி சுலபமா தாண்டும். பேஸ்ட் இளகும். இளகின நேரத்துல போட்டு நடந்தா நுனி வழுக்கி மறுபடி வாய் திறக்கும். பைக் பெட்டியிலயும் இதே கதை. நியோப்ரீன்ல ஒட்டினா நிழல்ல வைங்க, அவ்வளவுதான்.

#13 – வாணி_தையல்

அப்பர், அதான் சோலுக்கு மேல இருக்கற லெதர், துணி, அது பக்கம் யாரும் பேசலையே. அங்கயும் சிக்கல் இருக்கு.

உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடி லெதர் விளிம்பைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. வெள்ளை லெதர்ல பார்க்கற வெள்ளை தோலோட நிறம் இல்ல, மேல அடிச்ச பூச்சு. ஒரு தடவை தாள் பட்டா பூச்சு போய் அடியில சாம்பல் நிறம் தெரியும். டச்-அப் அடிச்சாலும் வெயில்ல காட்டிக் குடுக்கும்.

விரல் மடங்குற இடத்துல குறுக்கா மெலிசு வெடிப்பு இருக்கும். பார்த்தா லெதர் வெடிச்ச மாதிரி இருக்கும், பெரும்பாலும் பூச்சுதான். ஊசி முனையால தொட்டுப் பாருங்க. முனை தடுக்கினா பூச்சு மட்டும், உள்ள இறங்கினா தோலே போச்சு. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. பூச்சு மேல எண்ணெய் இறங்காது, தூசியைப் பிடிச்சு மஞ்சளாகும். வழிஞ்சு சோல் ஓரத்துக்குப் போனா பேஸ்ட்டையும் இளக்கும். ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல காய வச்சு, கொஞ்சமா வெள்ளை ஷூ க்ரீம், போதும்.

நைலான் மாடல் வச்சிருக்கறவங்களுக்கு: துணிக்குப் பின்னாடி மெலிசு ஃபோம் ஒட்டியிருக்கும். பழசானா அதுதான் முதல்ல போகும். சாக்ஸ்ல மஞ்சள் பொடி ஒட்டினா அதுதான். அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. மென்மையான பிரஷ்ஷால முழுக்க உதிர்த்துட்டு, வேணும்னா மெலிசு காட்டன் லைனிங் ஒட்டிக்கலாம். துணி மெலிசாயிடும், அளவு கால் நம்பர் பெரிசா தோணும்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. நைலானையும் ஸ்வேடையும் அதுல அலசினா காஞ்சதும் வெள்ளைக் கோலம் விழும். கடைசி அலசு மழைத்தண்ணியிலயோ கேன் தண்ணியிலயோ இருக்கட்டும். ஷூவுக்குள்ள நியூஸ்பேப்பர் திணிச்சா நல்லா உறிஞ்சும், ஆனா நேரா வெள்ளை லைனிங் மேல வைக்காதீங்க. மை ஏறும். வெள்ளைத் துணி ஒண்ணைச் சுத்தித் திணிங்க.

#14 – குப்பம்_கோச்

அக்கா சொன்ன ஃபோம் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், இங்க நிறைய பேர் குழம்புறாங்க.

கார்டெஸ் மிட்சோல் முதல்ல ஸ்பாஞ்ச் ரப்பர், இப்ப வர்றது ஈ.வி.ஏ.ன்ற பிளாஸ்டிக் ஃபோம். ரெண்டும் காத்து ஈரத்தால தானா உதிராது. இறுகும், தட்டையாகும், அவ்வளவுதான். 80, 90கள்ல வந்த நிறைய ஷூவுல மிட்சோல் பி.யு. ஃபோம். அது போடாம வச்சிருந்தாலும் ஈரக் காத்துல உள்ளுக்குள்ளயே அறுந்து ஒருநாள் பொலபொலன்னு கொட்டும். இருபது வருஷப் பழைய ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு முதல் கிலோமீட்டர்ல சோல் உதிர்ந்து போறது இதனாலதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல அப்படிப்பட்ட ஷூ பக்கத்துல சிலிக்கா ஜெல் வைக்கலாம். கார்டெஸுக்கு அந்தப் பயம் இல்ல. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒட்டுதான்.

#15 – பலமநேர்_காட்ரோடு

கோச் சார், இதுல ஓடலாமா கூடாதா? அதைச் சொல்லுங்க.

#16 – குப்பம்_கோச்

மெல்ல மூணு கிலோமீட்டர் ஓடலாம். அதுக்கு மேல வேண்டாம்னுதான் சொல்வேன். குதிகால் தூக்கலா, முன்பாதம் மெலிசா இருக்கறதால காட் ரோடு மாதிரி இறக்கத்துல குதிகாலை இன்னும் பலமா குத்தவைக்கும். பக்கவாட்டுல கால் சாய்ஞ்சா பிடிக்கிற கெட்டி அமைப்பும் இந்தக் காலத்து ஓட்ட ஷூ அளவுக்கு இல்ல. அடியில மீன்முள் மாதிரி போற வரி தார் ரோட்டுல நல்லா பிடிக்கும். செம்மண் சேத்துல அடைச்சுக்கும், பழைய பல்துலக்கி வச்சுக் கிண்டினாதான் வரும். ஈரமான பாலிஷ் கிரானைட் மேல வழுக்கும். குப்பம் பக்கத்துல வாசல் எல்லாம் கிரானைட்தான், ஜாக்கிரதை.

அளவு: ஷூவை உருவாக்குற பழைய அச்சுக் கட்டையில விரல் பக்கம் ஒடுக்கம். நம்ம ஆளுங்க பாதம் முன்னாடி அகலம். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கின நேரத்துல நின்னுக்கிட்டே போட்டுப் பாருங்க. சுண்டுவிரல் லெதரைத் தள்ளி வெளிய வீங்கினா அரை நம்பர் பெரிசு எடுங்க. 2023ல வந்த மாற்றத்துல விரல் பக்கம் அகலமாக்கி, பக்கவாட்டு லெதரையும் கெட்டியாக்கி இருக்காங்க. அதுல வழக்கமான நம்பரே சரியா வரலாம்.

#17 – பழைய_ரப்பர்

ஓட்ட ஷூவா இது கோலோச்சின காலமும் குறைவுதான். பவர்மேனே அடுத்த அடிக்குப் போயிட்டார். வாஃபிள் சுடுற இரும்புல ரப்பர் ஊத்திப் பார்த்தது 1971ல. அந்தக் கட்டம் போட்ட சோலுக்கு 1974ல பேடென்ட். லேசாவும் பிடிப்பாவும் இருந்ததால ஓடுறவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. கார்டெஸ் தெருவுக்கு வந்துச்சு. 1976ல ‘செனோரிட்டா’ன்னு பெண்களுக்கான மாடல். அதே வருஷம் அமெரிக்க டிவி தொடர் ஒண்ணுல நடிகை ஃபாரா ஃபாசெட் அதைப் போட்டுக்கிட்டு ஸ்கேட்போர்டுல போனதும் கடையில தட்டுப்பாடு. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல மெக்சிகோ வம்சாவளிப் பசங்க அதைத் தங்கள் உடுப்பாவே ஆக்கிக்கிட்டாங்க. மெக்சிகோவைப் பிடிச்சவன் பேர் போட்ட ஷூ. யோசிச்சா விசித்திரம்தான்.

#18 – வாணி_தையல்

சோல் மஞ்சளானதை வெள்ளையாக்குற முறை ஒண்ணு சுத்துதே, பெராக்சைடு க்ரீம் தடவி வெயில்ல வைக்கிறது? ரப்பர் விளிம்புக்கு ஓரளவு வேலை செய்யும். ஆனா லெதர்ல பட்டா வெளுத்துப் பட்டை விழும். பூசுறதுக்கு முன்னாடி டேப், கைக்கு கிளவுஸ். பெராக்சைடு 6 சதம் போதும், 12 சதம் வேண்டாம். மேல பிளாஸ்டிக் தாள் சுத்தி, காலை வெயில்ல ரெண்டு மணி நேரம். நம்ம ஊர் வைகாசி உச்சி வெயில்ல வச்சா மஞ்சள் போறதுக்கு முன்னாடி ஸ்பாஞ்ச் நெளிஞ்சுடும். க்ரீம் எங்க தடிப்பா இருந்துச்சோ அங்க மட்டும் வெளுத்துப் புலி வரி விழறதும் உண்டு. ஒரே சீரா பூசணும், அரை மணிக்கு ஒரு தடவை பிரஷ்ஷால கலைச்சு விடணும்.

#19 – குடியாத்தம்_ஓட்டம்

பாய், உப்புத்தாள் வேலை முடிஞ்சது. ஆனா நுனியில ஸ்பாஞ்ச் ரெண்டு இடத்துல சுமார் 3 மி.மீ. பள்ளமா இருக்கு, பழைய கல் குத்தினது போல. அதுலயே பேஸ்ட் நிரப்பிடலாமா?

#20 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

கூடாது. பேஸ்ட் நிரப்புற பொருள் இல்ல. தடிப்பா போட்டா மேல ஏடு கட்டும், உள்ள ஈரம் அடைஞ்சு காயவே காயாது. அமுக்கினதும் நல்லா ஒட்டின மாதிரி இருக்கும், ஒரு வாரத்துல பள்ளத்துலயே திறக்கும்.

3 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் துண்டு வாங்குங்க. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எங்கயும் கிடைக்கும், சென்னைப் பெரியமேடு வரைக்கும் போக வேண்டாம். துண்டு போதும், முழு ஷீட் கேட்காதீங்க. பள்ளத்தோட வடிவத்துக்குக் கத்தரியால வெட்டி, அந்தத் துண்டோட ரெண்டு முகத்தையும் 120ல சொரசொரப்பாக்கி, முதல்ல அதை மட்டும் ஒட்டுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மேல் தளத்தோட சமமா அரைச்சுட்டு, அப்புறம் மேல சொன்ன ரெண்டு கோட்.

#21 – பழைய_ரப்பர்

ஈ.வி.ஏ.க்குப் பதிலா எம்.சி.ஆர். போட்டா மூலத்துக்குப் பக்கமா இருக்காதா? முதல் கார்டெஸ் ஸ்பாஞ்ச் ரப்பர்தானே.

#22 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

மொத்த மிட்சோலையும் மாத்துறவங்க யோசிக்கலாம். எம்.சி.ஆர். சர்க்கரை நோயாளிங்க செருப்புக்குப் போடுற மெத்து ரப்பர், கெட்டித்தனத்தைச் சொல்ற ஷோர் கணக்குல 15, 20 அளவுல. நாள்பட அமுங்கி நிக்காம எழும்பும், அது நல்லது. ஆனா கனம். ஓரத்தை அரைச்சா ஈ.வி.ஏ. மாதிரி வழவழப்பு வராது, பொத்தல் பொத்தலா தெரியும். அப்படி மாத்தினா மேல எம்.சி.ஆர்., நடு ஆப்பு கெட்டி ஈ.வி.ஏ.ன்னு அடுக்குங்க, பவர்மேன் கணக்கும் அதான்: மேல மெத்து, நடுவுல கெட்டி. முழுக்க மெத்துல செஞ்சா குதிகால் ஒரு பக்கமா அமுங்கி ஷூ கோணிக்கும்.

3 மி.மீ. பள்ளத்துக்கு அதெல்லாம் வேண்டாம். கெட்டித்தனம் ஒத்துப்போகணும். இருக்கற ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்த்துட்டு, அதே அளவு அமுங்குற துண்டா கடையில பொறுக்கி எடுங்க. கெட்டித் துண்டு வச்சா நடக்கும்போது கூழாங்கல் மிதிச்ச மாதிரி உள்ளங்கால்ல தெரியும்.

#23 – குடியாத்தம்_ஓட்டம்

சரிங்க பாய். இடது ஷூவுல வாய் திறக்கல. அதை அப்படியே விட்டுடலாமா?

#24 – பேரணாம்பட்டு_லாஸ்டிங்

ரெண்டும் ஒரே நாள் ஒட்டினது, ஒரே அலமாரியில கிடந்தது. இடது நுனியைக் கையால பிடிச்சு மேல வளைங்க, சோல் ஓரத்துல முடி கனத்துக்குக் கோடு தெரியுதான்னு வெளிச்சத்துல பாருங்க. தெரிஞ்சா ரெண்டையும் சேர்த்தே பண்ணிடுங்க. தெரியலைன்னா தொடாதீங்க. வலது காய்ஞ்சதும் ரெண்டையும் மேஜை மேல பக்கத்துப் பக்கத்துல வச்சு நுனி எவ்வளவு மேல தூக்கியிருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. டியூப் கட்டும்போது நுனியைக் கீழ இழுத்துக் கட்டிட்டா ஒண்ணு தூக்கலா, ஒண்ணு தாழ்வா நிக்கும்.

#25 – குடியாத்தம்_ஓட்டம்

இடதுல கோடு இல்ல பாய். வலது நுனி 22 மி.மீ., இடது 23. டியூப் கட்டியாச்சு, நாளைக்குச் சாயங்காலம் அவிழ்க்கறேன்.

#26 – பலமநேர்_காட்ரோடு

நாளைக்குச் சாயங்காலமே. மத்தியானம் அவிழ்த்துப் பார்க்கற ஆசை வரும், கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.